பால் மறக்கும்போது கன்று எத்தனை கிலோ இருக்க வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காளைக் கன்று, அதன் எடை, அதன் வளர்ச்சி என்று ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகன் டெக்சாஸ் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறான். ஏழு மாதக் காளைக் கன்று ஒன்றின் படத்தை அனுப்பி, எடை 280 கிலோ என்றான். என் வீட்டிலும் அதே ஏழு மாதத்தில் ஒரு ஜெர்சி கலப்புக் காளைக் கன்று நிற்கிறது. எண்பது கிலோ தாண்டுமா என்பதே சந்தேகம். நான் எங்கே தப்பு செய்கிறேன்?
– வாசகர், கொடுங்கையூர்

பதில்: ஐயா, இரண்டு கன்றுக்கும் வயது ஒன்றுதான், மற்ற எதுவும் ஒன்றில்லை. அங்கே இறைச்சிக்காக வளர்க்கும் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு மாதிரி இனங்களில் மாட்டை யாரும் கறப்பதே கிடையாது. தாய் ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் கொடுத்தாலும் பத்து லிட்டர் கொடுத்தாலும் அத்தனையும் கன்றின் வயிற்றுக்குத்தான் போகிறது, அதுவும் பிறந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஏழு மாதம் வரைக்கும், கூடவே மேய்ச்சல். சின்னக் கன்று ஒரு கிலோ எடை கூட வேண்டுமென்றால் ஏறத்தாழ பத்து லிட்டர் பால் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு, அப்படிப் பார்த்தால் அந்தக் கன்று தினமும் ஒரு கிலோ ஏறுவதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிறக்கும்போதே அது 35, 38 கிலோ இருந்திருக்கும். நம் ஜெர்சி கலப்புக் கன்று பிறக்கும்போது 20 முதல் 25 கிலோதான்.

உங்கள் கன்று 22 கிலோவில் பிறந்து 210 நாளில் 85 கிலோவுக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 63 கிலோவை 210 நாளால் வகுத்தால் நாளுக்கு 300 கிராம். நம் ஊர்க் கலப்பின மாட்டில், பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. நன்றாகக் கவனித்தால் அதே கன்று 500 கிராம் ஏறும், சில நேரம் 600 கூட. ஆகவே டெக்சாஸ் கன்றை மறந்துவிட்டு, இந்த 300-க்கும் 500-க்கும் நடுவில் போன 200 கிராம் எங்கே போனது என்று தேடுங்கள்.

பெரும்பாலும் அது முதல் மூன்று மாதத்தில் போயிருக்கும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால் தினமும் கொடுக்க வேண்டும் என்பது முதல் மாதத்துக்கான பழைய, நம்பகமான விதி. அதாவது 22 கிலோ கன்றுக்கு இரண்டே கால் லிட்டர். இரண்டாம் மாதம் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டே வரலாம், ஆனால் இரண்டாவது வாரத்திலிருந்தே கன்றுக்கான கலப்புத் தீவனத்தைக் கைப்பிடி அளவில் வாயருகே காட்டிப் பழக்கியிருக்க வேண்டும். நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? மடி சுரக்கும் வரைக்கும் கன்றை ஊட்ட விட்டுவிட்டு, சுரந்தவுடன் இழுத்துக் கட்டிவிடுகிறோம். கிடேரிக் கன்றாக இருந்தால் நாளைக்குக் கறக்கும் மாடு என்று ஒரு காம்பையாவது விட்டுவைப்பவர்கள், காளைக் கன்றுக்கு அதையும் விடுவதில்லை.

எனக்கு இதில் ஒரு பழைய வலி உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு பால்காரர் மாட்டையே வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து கறந்து கொடுப்பார். அவர் கக்கத்தில், செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோல் திணித்துத் தைத்த ஒரு கன்று இருக்கும். அதை மாட்டின் முன்னால் வைத்ததும் மாடு அதை நக்கும், பால் சுரக்கும். அந்தக் கன்று எப்படிச் செத்தது என்று ஒரு நாள் கேட்டேன், "காளைக் கன்னுப்பா, அது எங்க பொழைக்கும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள். பால் குறைவாகக் கொடுத்தால் பிழைக்காது, பிழைக்காது என்று பால் குறைவாகக் கொடுப்பது, இந்தச் சுற்றில் எத்தனை கன்றுகள் போயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

சரி, உங்கள் கன்று ஏழு மாதம் தாண்டிவிட்டது, இனிப் பால் கணக்கு உதவாது. சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்து கொடுங்கள், பசுந்தீவனத்தோடு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை கலப்புத் தீவனம் வையுங்கள், தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். பசித்துக் கிடந்த கன்றுக்கு நல்ல தீவனம் கிடைத்தால் கொஞ்ச நாள் வழக்கத்தைவிட வேகமாக ஏறும். விட்டது முழுக்கத் திரும்பாது, ஆனால் கணிசமாகத் திரும்பும்.

கேள்வி: தராசு இல்லாமல் கன்றை எப்படி எடை போடுவது? கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள், ஒருவர் எழுபது என்கிறார், இன்னொருவர் நூறு என்கிறார்.
– வாசகி, மணலி

பதில்: கண்ணை நம்பாதீர்கள், அதிலும் விலை பேச வந்தவரின் கண்ணை நம்பவே நம்பாதீர்கள். தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் போதும். கன்றைச் சமதரையில், நான்கு காலும் நேராக ஊன்றி நிற்க வையுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு, டேப் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. அப்புறம் தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்கம் புட்டத்து எலும்பு வரைக்கும் நீளம். இரண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். சுற்றளவு 40, நீளம் 36 என்றால்: 40 x 40 = 1600, அதை 36-ஆல் பெருக்கினால் 57,600, அதை 660-ஆல் வகுத்தால் 87 கிலோ.

இது தோராயம்தான், சில கிலோ முன்னே பின்னே இருக்கும். ஆனால் அதே ஆள், அதே நேரத்தில், காலையில் தீவனம் வைப்பதற்கு முன்னால், மாதம் ஒரு முறை அளந்தால் ஏற்றம் எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும், நமக்கு வேண்டியதும் அந்த ஏற்றம்தான். வயிறு நிரம்பிய கன்றை ஒரு மாதமும் வெறும் வயிற்றுக் கன்றை அடுத்த மாதமும் அளந்துவிட்டு, எடை குறைந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

மணலியில் லாரி எடை மேடைகளுக்குப் பஞ்சமில்லை, அதில் ஏற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். லாரிக்கான மேடை ஐந்து கிலோ, பத்து கிலோ என்று தாவித் தாவித்தான் எண் காட்டும், டன் கணக்குக்கு அது சரி. ஒரு மாதத்தில் பதினைந்து கிலோ ஏறும் கன்றுக்கு அதை நம்ப முடியாது. தெரிந்த அரிசி மண்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ தரையோடு இருக்கும் மேடைத் தராசு கிடைத்தால் மேல்.

கேள்வி: வெளிநாட்டில் "205 நாள் எடை" என்று எழுதுகிறார்களே, அது என்ன 205? கால்நடைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன், புத்தகத்தில் சூத்திரம் இருக்கிறது, பொருள் பிடிபடவில்லை.
– மாணவர், வியாசர்பாடி

பதில்: நல்ல கேள்வி, இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் சுலபம். அமெரிக்காவில் கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் ஏழு மாதம் நெருங்கும்போது, அதனால் அதை ஒட்டி 205 நாள் என்று ஒரு பொதுக் கோடு போட்டுக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 200 நாள். ஒரு பண்ணையில் எல்லாக் கன்றையும் ஒரே நாளில்தான் எடை போடுவார்கள், ஆனால் அவை பிறந்த தேதி வேறு வேறு, ஆகவே அன்றைய எடையை அப்படியே ஒப்பிட்டால் முன்னால் பிறந்த கன்று சும்மாவே ஜெயித்துவிடும். அதனால் ஒவ்வொரு கன்றும் 205-ஆம் நாளில் எத்தனை கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள்.

கொடுங்கையூர் வாசகரின் மகன் அனுப்பிய அந்த 280 கிலோ கன்றையே எடுத்துக்கொள்ளலாம், வயதை 235 நாள் என்றும் பிறந்த எடையை 38 கிலோ என்றும் நாமே வைத்துக்கொள்வோம். கூடிய எடை 242, நாளுக்கு 1.03 கிலோ, 205 நாளுக்கு 211, பிறந்த எடையைச் சேர்த்தால் 249 கிலோ. பக்கத்தில் இன்னொரு கன்று, 255 கிலோதான், ஆனால் வயது 190 நாள், பிறந்த எடை 35. கூடியது 220, நாளுக்கு 1.158, 205 நாளுக்கு 237, பிறந்த எடையோடு 272 கிலோ. தராசில் 25 கிலோ குறைவாக நின்ற கன்று கணக்கில் 23 கிலோ முன்னால் போய்விட்டது.

இன்னும் ஒரு படி இருக்கிறது, பலர் விட்டுவிடுவது இதைத்தான். இரண்டாவது கன்றின் தாய் இரண்டு வயதுத் தலையீத்து மாடு என்று வையுங்கள். இளம் தாய்க்குப் பால் குறைவு, அவளும் வளர்ந்துகொண்டிருக்கிறாள், அந்தக் குறைக்குக் கன்றைத் தண்டிக்க முடியாது அல்லவா? அதனால் காளைக் கன்றுக்குத் தாய் இரண்டு வயதென்றால் 60 பவுண்டு, மூன்று வயதென்றால் 40, நான்கு வயதென்றால் 20 சேர்ப்பது அங்கே பொது வழக்கு. ஐந்திலிருந்து பத்து வயதுத் தாய்க்கு ஒன்றும் சேர்ப்பதில்லை, அதற்கு மேல் கிழமானால் மறுபடி 20. அறுபது பவுண்டு என்பது 27 கிலோ, ஆக நம் இரண்டாவது கன்று 299 கிலோ. இனத்துக்கு இனம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், 160 நாளுக்குக் கீழே அல்லது 250 நாளுக்கு மேலே எடை போட்டால் இந்தக் கணக்கை நம்புவதும் இல்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பால் மறக்கும்போது உள்ள எடையில் பரம்பரையின் பங்கு கால் பங்கு அளவுதான், தாயின் பாலும் தீவனமும் நோயும் மழையும் சேர்ந்ததுதான் மீதி. பால் மறந்த பிறகு, தாய் இல்லாமல் தன் வாயால் தின்று வளரும் மாதங்களில் அந்தப் பங்கு நாற்பது சதவீதத்தை ஒட்டி வருகிறது. அதனால்தான் பொலிகாளையை, அதாவது இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் காளையை, தேர்ந்தெடுப்பவர்கள் 205 நாளோடு நிறுத்தாமல், அதற்குப் பிந்தைய 160 நாள் ஏற்றத்தையும் கூட்டி 365 நாள் எடை வரைக்கும் காத்திருக்கிறார்கள். முதல் எண் பாதிக் கதை தாயைப் பற்றிச் சொல்கிறது, இரண்டாவது எண்தான் கன்றைப் பற்றிச் சொல்கிறது. பரீட்சையில் இதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கொட்டகையில் நிற்கும்போது நினைவிருக்கட்டும்.

கேள்வி: மூன்று எருமைக் காளைக் கன்று வாங்கிக் கறிக்கு வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். எத்தனை மாதத்தில் விற்கலாம்?
– வாசகர், மீஞ்சூர்

பதில்: தம்பி, பணம் போடுவதற்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958 மாட்டுக்கு மட்டுமில்லை, எருமைக்கும் பொருந்தும். பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, அல்லது காயத்தாலோ ஊனத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிப்போனது என்றோ சான்று இருந்தால்தான் அறுக்க முடியும். அமெரிக்காவில் மாதிரி ஒன்றரை வயதுக் காளையைக் கறிக்கு அனுப்பும் கணக்கு இங்கே செல்லாது. புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் நாம் ரசித்துச் சாப்பிடும் பீஃப் எதற்காக அவ்வளவு நேரம் வேக வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் இதுவே, வயதான மாட்டின் கறி அது. பொலிகாளைக்கோ வண்டிக்கோ வளர்ப்பதென்றால் வளருங்கள். எருமைக் கன்று பிறக்கும்போது முப்பது கிலோ அளவு இருக்கும், நல்ல தீவனத்தில் நாளுக்கு அரை கிலோ ஏறும். எருமைக் கன்றைக் குடற்புழு சீக்கிரம் சாய்த்துவிடும், அதனால் முதல் மருந்தை இரண்டாவது வாரத்துக்குள்ளேயே கொடுத்துவிட்டு, ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தொடருங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் ஊசி போட்டுத்தானே இப்படி எடை ஏற்றுகிறார்கள்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: எல்லாவற்றையும் ஊசி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் காயடித்த கன்றுகளுக்குக் காதின் தோலுக்கு அடியில் ஹார்மோன் மாத்திரை வைக்கும் பழக்கம் உண்டு, ஐரோப்பிய ஒன்றியம் அதை அனுமதிப்பதில்லை. இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் காளைக் கன்றுக்கு அங்கேயும் அதை வைப்பதில்லை, விரை வளர்ச்சி கெட்டுவிடும். காயடிக்காத காளைக்கு அதன் சொந்த உடம்பே அந்த வேலையைச் செய்கிறது, அதனால்தான் ஒரே பண்ணையில், ஒரே புல்லில், காளைக் கன்று முதலிலும் காயடித்தது அடுத்தும் கிடேரி கடைசியிலும் எடை காட்டும்.

கேள்வி: கோயிலுக்கு விட ஒரு காளைக் கன்று வளர்க்கிறேன். ஊரே பார்க்க வேண்டும் என்று தவிடும் புண்ணாக்கும் தாராளமாக வைக்கிறேன். இன்னும் ஏற்றலாமா?
– வாசகர், செங்குன்றம்

பதில்: குறையுங்கள். ஆசையாகத்தான் வைக்கிறீர்கள், ஆனால் மாவுத்தீவனம் அளவு மீறினால் வயிற்றில் புளிப்பேறிக் குளம்பு வீங்கும், நடை கெடும், விரைப்பைக்கு மேலே கொழுப்பு தங்கிச் சூடு வெளியேறாமல் விந்து கெடும். பளபளவென்று நிற்கும் காளை சினை பிடிக்க வைக்க முடியாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். இறைச்சி இனங்களில் ஒரு வயதுக் காளைக்கு விரைப்பைச் சுற்றளவு 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று பார்க்கிறார்கள், அதைத் தாண்டாத காளை எத்தனை கிலோ இருந்தாலும் பொலிக்குக் கழித்துவிடுகிறார்கள். விலா எலும்பு கையால் தடவினால் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது, அந்த அளவு போதும். இன்னொன்று, எட்டு ஒன்பது மாதத்திலேயே காளைக் கன்று கிடேரி மேல் ஏறத் தொடங்கும், கூடவே கிடேரி இருந்தால் பிரித்துக் கட்டுங்கள்.

கேள்வி: பிரேசிலில் மேயும் மாடுகள் நம் மெட்ராஸிலிருந்து போனவை என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா?
– வாசகர், எண்ணூர்

பதில்: பெரும் பகுதி உண்மை. பிரேசிலின் இறைச்சி மாட்டுக் கூட்டத்தில் பெரும்பான்மை இனத்தின் பெயர் நெலோரே, நம் நெல்லூரின் பெயர்தான் அது. நம் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து மாதவரம், புழல், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தால் வரும் அதே நெல்லூர். அந்தப் பக்கத்து ஓங்கோல் மாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறின. 1868-இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலிலிருந்து ஒரு ஜோடி, பிரேசிலின் சால்வடோர் துறைமுகத்தில் விற்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். 1960-களின் தொடக்கம் வரை அங்கே மாடுகள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் பிராமன் இனத்திலும் ஓங்கோல் ரத்தம் உண்டு.

நம் மண்ணில் ஏர் இழுத்த, வண்டி இழுத்த மாடு அங்கே போய்த் தாய்ப்பால் முழுக்கக் குடித்து, நூறாண்டுக்கும் மேலாக எடை பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதால், வெறும் புல் மேய்ச்சலிலேயே ஏழு மாதத்தில் 180 கிலோவை ஒட்டி நிற்கிறது. கொடுங்கையூர் வாசகர் இதையும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நம் சூட்டையும் உண்ணியையும் தாங்கும் அதே தோல், அதே திமில், ஆனால் கன்றுக்கு மடியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: கன்றைப் பிரித்துக் கட்டியதிலிருந்து தாயும் கன்றும் ராத்திரி முழுக்கக் கத்துகின்றன. பக்கத்து வீட்டில் திட்டுகிறார்கள், எனக்கும் மனசு கேட்கவில்லை. கன்று இளைத்த மாதிரியும் இருக்கிறது.
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அம்மா, மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து நாள் கத்தும், அதற்கு மேல் அடங்கிவிடும். அந்த நாட்களில் தின்னாமல் நின்று கத்துவதால் எடை இறங்குவதும் உண்மைதான். கண்ணுக்கே தெரியாத இடத்துக்குக் கன்றைக் கொண்டுபோய்க் கட்டினால் கத்தல் கூடும். நடுவில் ஒரு மூங்கில் தட்டியோ கம்பி வேலியோ வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிகிற மாதிரி, ஆனால் மடி எட்டாத மாதிரி ஒரு வாரம் கட்டிப் பாருங்கள். மாட்டுப் பண்ணைகளில் இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள், கத்தலும் குறைகிறது, கன்று தின்பதும் எடை ஏறுவதும் சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பிரிப்பதற்கு முன்னால் கன்று எவ்வளவு தீவனம் தின்றது என்று பார்த்தீர்களா? மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு கிலோ அளவுக்குக் கலப்புத் தீவனம் தானாகத் தின்னும் கன்றைத்தான் பால் நிறுத்தலாம். அதற்கு முன்னால் நிறுத்தினால் இரைப்பை தயாராகியிருக்காது, வயிறு மட்டும் பானையாக வீங்கி முதுகு எலும்பு துருத்தி நிற்கும். உங்கள் கன்று இரண்டு மாதம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அரைக் கிலோ கூடத் தின்னவில்லை என்றால் இன்று சாயங்காலமே மறுபடி ஊட்ட விடுங்கள், இன்னும் ஒரு மாதம் காலையிலும் மாலையிலும் ஒரு காம்பு அதற்கென்றே இருக்கட்டும். பக்கத்து வீட்டில் திட்டுவதும் நின்றுவிடும்.